அத்தை சேர்த்த வில்லைகள்

நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும், அந்தக் காலத்துக் கார்களுக்கு முகம் இருந்தது. இரண்டு பக்கமும் உருண்டைக் கண், நடுவில் மூக்கு, அதற்குக் கீழே பல் வரிசை மாதிரி கம்பிகள். சில கார்களில் அந்தக் கம்பிகளுக்கு முன்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வில்லையைத் திருகி வைத்திருப்பார்கள். பித்தளையில் செய்து, நிக்கல் முலாம் பூசி, உள்ளே நீலமும் சிவப்புமாக எனாமல் போட்டிருக்கும். மோட்டார் வைத்திருந்தவர்கள் சேர்ந்து நடத்திய சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களுக்குக் கொடுத்தது அது. நம்மில் எத்தனையோ பேர் அதைப் பார்த்திருப்போம். என்னவென்று கேட்டிருக்க மாட்டோம். என் அத்தை கேட்டாள்.

அப்பா நீடாமங்கலத்தில் கேட் கீப்பர். ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் தள்ளி, ரோடு தண்டவாளத்தைத் தாண்டுகிற இடத்தில் எங்கள் வீடு. வீடு என்றால் ரயில்வே கொடுத்த ஒரே அறை, பின்னால் ஒரு தாழ்வாரத்தில் சமையல். அப்பாவின் அப்பாவும் அவருக்கு முந்தியவர்களும் அடுத்தவர் வயலில் இறங்கி வேலை பார்த்தவர்கள். வயலை விட்டு வெளியே வந்து காக்கிச் சட்டை போட்ட முதல் ஆள் அப்பாதான். ராத்திரி படுக்கும்போது அந்தச் சட்டையைத் தலைமாட்டில் மடித்து வைத்துக்கொண்டுதான் படுப்பார். நம்மைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்பது அவருக்கு எப்போதும் இருந்த பயம்.

அத்தை அவருக்குத் தங்கை. தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்ததால் சின்னப் பிள்ளையிலிருந்து அப்பாதான் வளர்த்தார். எட்டாவது வரை படிக்கவும் வைத்தார். நான் சொல்கிற வருஷத்தில் அவளுக்கு இருபது வயது இருக்கும். எனக்கு ஒன்பதோ பத்தோ. அவள் என்னைப் பாப்பா என்பாள். கிணற்றடி, கோயில், கடைத்தெரு என்று எங்கே போனாலும் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டே போன நான், அவள் தாவணிக்கு மாறியதும் தாவணியைப் பிடித்துக்கொண்டேன்.

நீடாமங்கலம் ஜங்ஷன் என்பதால் கேட் அடிக்கடி மூடிக் கிடக்கும். இன்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்டுவதற்கு ஒரு மணி அடிப்பார்கள். சரக்குப் பெட்டிகளை இந்தத் தடத்திலிருந்து அந்தத் தடத்துக்குத் தள்ள இன்னொரு மணி. கேட் மூடியதும் ரோட்டில் வரிசை கட்டிவிடும். மாட்டு வண்டி, பஸ், நெல் மூட்டை ஏற்றிய லாரி, நடுநடுவே கார். மிராசுதார் வீட்டுக் கார், ரைஸ் மில் முதலாளி கார், மலாயாவில் வியாபாரம் பண்ணித் திரும்பிய கூத்தாநல்லூர்க்காரர்கள் கார். பெட்ரோல் வாசனையும் மாட்டுச் சாணி வாசனையும் நாற்றங்கால் சேற்று வாசனையும் இன்ஜின் கரிப்புகையும் கலந்து ஒரு வாசனை வரும். இன்றைக்கு அதை என்னால் பிரித்துச் சொல்ல முடியும், ஆனால் வேறு எங்கேயும் முகர்ந்ததில்லை.

அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கேட்டைத் திறந்ததும் ஒரு பழைய கறுப்புக் கார் அவசரமாகத் தண்டவாளத்தைத் தாண்டியது. தூக்கிப் போட்டதில் ஏதோ கழன்று ஜல்லிக் கல்லில் விழுந்து டணங் என்றது. அத்தை ஓடிப்போய் எடுப்பதற்குள் கார் பாலத்தைத் தாண்டிவிட்டது. அவள் கையில் இருந்தது ஒரு வில்லை. நீல எனாமலில் ஒரு கோபுரம், பக்கத்தில் இரண்டு பனைமரம், கீழே மூன்று கோடாக அலை. ஓரத்தில் வளைத்து இங்கிலீஷ் எழுத்து.

உடையவர் திரும்பி வந்து கேட்டால் கொடுத்துவிடலாம் என்று முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். கேட்டில் நிற்கிற ஒவ்வொரு கார்க்காரரிடமும் போய், "உங்க வண்டியிலேருந்து எதுனா விழுந்துச்சாங்க?" என்று விசாரித்தாள். யாரும் எங்களுடையது என்று சொல்லவில்லை. அந்த விசாரிப்பில்தான் அவள் கார்களின் மூக்கைப் பார்க்கப் பழகினாள்.

"பாரு பாப்பா," என்றாள் ஒரு நாள், அந்த வில்லையை வெயிலுக்குக் காட்டி. "இத்துணூண்டு எடத்துல ஒரு ஊரையே வச்சிருக்கான்."

அவள் அதுவரை பார்த்த பெரிய ஊர் தஞ்சாவூர். அதுவும் ஒரே தடவை.

அந்தக் கோடையின் வால் பிடித்து வந்த வெயிலில், நிற்கிற வண்டிக்காரர்களுக்கெல்லாம் எங்கள் வீட்டிலிருந்து தண்ணீர் கொடுப்போம். அம்மா பானையில் வெட்டிவேர் போட்டு வைத்திருப்பாள். அத்தை சொம்பை எடுத்துக்கொண்டு போவாள், நான் டம்ளரோடு பின்னால். ஒரு மிராசுதார் வீட்டு டிரைவர், நரைத்த மீசைக்காரர், தண்ணீர் குடித்துவிட்டு அத்தை எதைப் பார்க்கிறாள் என்று கவனித்தார்.

"என்னம்மா பாக்கற?"

"இது என்னங்க? எல்லா வண்டியிலயும் இல்லையே."

"இது மோட்டார் சங்கத்து பேட்ஜும்மா. எங்க பெரிய எசமான் மெம்பரா இருந்தாரு. சந்தா கட்டுனா குடுப்பாங்க. அவரு போயே வருஷம் ஆச்சு. சின்னவருக்கு இது என்னான்னே தெரியாது."

அடுத்த முறை அந்தக் கார் வந்தபோது மூக்கில் வில்லை இல்லை. டிரைவர் அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். சின்ன எசமான் வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடிக்கச் சொல்லியிருக்கிறார், இந்தப் பழசையெல்லாம் கழற்றித் தூரப் போடு என்றிருக்கிறார். "தூரப் போடச் சொன்னாரு. ஒன் ஞாபகம் வந்துச்சு," என்றார். அத்தை இரண்டு கையாலும் வாங்கினாள்.

அதற்கப்புறம் டிரைவர்களுக்குள் செய்தி பரவிவிட்டது. நீடாமங்கலம் கேட்டில் ஒரு பெண் இருக்கிறாள், வில்லை என்றால் அவளுக்கு உயிர். அந்த வருஷங்களில் பழைய கார்கள் கை மாறிக்கொண்டிருந்தன. வாங்கியவர்களுக்கு அந்தச் சங்கங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. டாக்ஸியாக ஓட்ட வாங்கியவர்களுக்கு அது வெறும் பித்தளை. ஒருவர் பட்டறையில் உடைத்த காரிலிருந்து மயில் போட்டதைக் கொண்டுவந்தார். அது ரங்கூன் என்றார். தென்னை மரத்தடியில் யானை நிற்கிறது கொழும்பு. சிறகு முளைத்த சக்கரம் எந்த ஊர் என்று கடைசிவரை தெரியவில்லை. அத்தை அதற்குத் தானே ஒரு ஊர் வைத்தாள். அந்த ஊரில் எல்லா வண்டியும் பறக்கும் என்று எனக்குச் சொன்னாள்.

துலக்குவது என் வேலை. புளியைக் கரைத்து, ஓரத்துப் பித்தளையில் மட்டும் தேய்த்து, சாம்பல் போட்டு அலம்பி, கடைசியில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெயைத் துணியில் தொட்டு எனாமல் மேல் தடவ வேண்டும். எனாமல் பெயர்ந்த இடத்தில் நகம் படக் கூடாது. பட்டால், "அதுக்கு வலிக்கும் பாப்பா," என்பாள். தண்டவாளத்துக்கு அடியில் போட்டுக் கழித்த ஒரு பலகை எங்கள் வீட்டுச் சுவரில் சாய்ந்து கிடந்தது. அதில் ஆணி அடித்து ஒவ்வொன்றாக மாட்டினாள். காலையில் கிழக்கு வெயில் அந்தப் பலகையில் விழும்போது எங்கள் ஒரே அறையில் நீலமும் சிவப்பும் பச்சையும் சுவரில் தெறிக்கும். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். ஆனால் சாணி போட்டு மெழுகும்போது அந்தப் பலகைப் பக்கம் தெறிக்காமல் பார்த்துக்கொள்வாள்.

கூத்தாநல்லூர் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜன்னலுக்கு வெள்ளைத் திரை போட்ட கார். பின் சீட்டில் வயதான ஒரு அம்மா, வெள்ளைத் துப்பட்டி போர்த்தி. கண் வைத்தியத்துக்காகத் தஞ்சாவூருக்குப் போய் வருவார்கள். அந்தக் காரின் மூக்கில், கடலும் ஒற்றைப் பாக்கு மரமும் போட்ட வில்லை. அத்தை அதைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தபோது திரை விலகியது.

"என்னா புள்ள, கண்ணாடி பாக்கிறியா?"

அத்தை வெட்கப்பட்டுவிட்டாள். "இல்லம்மா. இந்த மரம் பாக்கு மரந்தானே?"

அந்த அம்மா திரையை முழுக்க ஒதுக்கினார்கள். பிறகு, "கிட்ட வா," என்றார்கள். அவர்கள் வீட்டுக்காரர் பினாங்கில் கடை வைத்திருந்தாராம். அங்கே வாங்கிய முதல் காரில் இருந்த வில்லையாம். அவர் அங்கேயே மௌத்தாகிவிட்டார். காரை விற்றுவிட்டு, இதை மட்டும் துணிக்குள் சுற்றிக் கப்பலில் கொண்டுவந்திருக்கிறார்கள். மகன் புதுக் கார் வாங்கியபோது அதில் திருகிக் கொடுத்திருக்கிறான். அவ்வளவுதான், அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை.

"அந்த ஊருக்குப் பேரே பாக்கு மரத்தாலதான் புள்ள. ஒருத்தரும் எங்கிட்ட கேட்டதில்ல, நீ கேட்டே," என்றார்கள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட பிறகு ஒரு தடவை வந்தார்கள். குடை பிடித்துக்கொண்டு நாங்கள் ஓடினோம். டிரைவரை இறக்கி, மழையிலேயே கழற்றச் சொன்னார்கள். அத்தை வேண்டாம் வேண்டாம் என்கிறாள். "எனக்குக் கண்ணு மங்கிட்டு வருது. தெரியாத கண்ணுக்கு எதுக்கு இது? தெரியிற கண்ணுகிட்ட இருக்கட்டும்," என்று அவர்களே அத்தை கையில் வைத்து மூடினார்கள். அன்றைக்கு அத்தை சாப்பிடவில்லை. ஈரத் தலையோடு பலகை முன்னால் உட்கார்ந்திருந்தாள். அந்த அளவுக்குச் சந்தோஷமாக ஒரு மனுஷியை அதற்குப் பிறகு நான் பார்த்ததாக நினைவில்லை. எனக்குப் பிள்ளைகள் பிறந்தபோதுகூட என் முகம் அப்படி இருந்திருக்காது.

கார்த்திகையில் ஒரு நாள் மதியம், பஸ்ஸில் வந்த பெரியப்பா கேட்டில் மாட்டிக்கொண்டார். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். ஊர்ப் பஞ்சாயத்தில் முன்னால் உட்காருகிறவர். அவர் ஜன்னல் வழியே பார்த்தது இதுதான்: ரைஸ் மில் காரின் முன்னால் இளவயது டிரைவர் ஒருவர் குந்தி உட்கார்ந்து திருகுகிறார். பக்கத்தில் அத்தை குந்தி உட்கார்ந்திருக்கிறாள். திருகு கழன்றதும் இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். நானும் அங்கேதான் இருந்தேன். நானும்தான் சிரித்தேன். அவர் கண்ணுக்கு நான் தெரியவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கேட் ரூமுக்குப் போனார். அவர் அப்பாவிடம் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. கடைசியாகச் சொன்னது மட்டும் கேட்டது.

"காக்கிச் சட்டை போட்டா மட்டும் போதாது தம்பி. வீட்டையும் கவனிக்கணும்."

அப்பா உள்ளே வந்தார். சட்டையைக்கூடக் கழற்றவில்லை. பலகை முன்னால் நின்றார். அந்தப் பலகை மாதக்கணக்கில் அங்கேதான் இருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் போவார், வருவார். அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார்.

"இதெல்லாம் யாரு குடுத்தா?"

அத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது. அதுதான் என்னால் தாங்க முடியாதது. அண்ணன் கேட்டுவிட்டார் என்று நினைத்துவிட்டாள். பக்கத்தில் போய் நின்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள்.

"இது கீழ கெடந்துச்சுண்ணே. இது மிராசுதார் வீட்டு மீசைக்கார டிரைவர் குடுத்தது. மயில் போட்டது ரங்கூன், பட்டறைக்காரர் கொண்டாந்தாரு. இந்த யானை, மன்னார்குடி டாக்ஸிக்காரரு. இது..."

அவள் ஊர்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார். பினாங்கு வில்லையை அவள் தொடுவதற்கு முன்பே அவர் கை ஓங்கிவிட்டது. அடித்தாரா என்றால், இல்லை. ஓங்கிய கையால் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"இத்தினி பேரா?"

அத்தைக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்தபோது அவள் முகத்திலிருந்து என்னவோ இறங்கிப் போயிற்று.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். "வெறும் தகரம்ங்க. ஆசைப்பட்டுச் சேத்து வச்சிருக்கு."

"தகரத்துக்குப் போய் எந்தப் பொம்பளையாவது ஆசைப்படுவாளா? நகைக்கு ஆசைப்படுவா, பொடவைக்கு ஆசைப்படுவா. காருல இருக்கிற தகரத்துக்கு எவ ஆசைப்படுவா? காருக்குள்ள இருக்கிறவன்மேல ஆசையின்னு சொல்லு."

நான் சொன்னேன். "அப்பா, அத்தை வண்டி மூக்கத்தான் பாக்கும். ஆளுங்களப் பாக்காதுப்பா." அப்பா என்னைப் பார்த்த பார்வையில், இந்த வயதிலேயே இவளையும் கெடுத்துவிட்டாளே என்று இருந்தது.

அந்த மில் டிரைவர் நல்லவர். செய்தி கேள்விப்பட்டு, மறுநாள் வண்டியை ஓரம் கட்டிவிட்டு அப்பாவிடம் வந்தார். "அண்ணே, அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு. தங்கச்சி மாதிரி நெனச்சுத்தான் குடுத்தேன்," என்றார். அப்பா கொடியைச் சுருட்டிக்கொண்டே, "அவளுக்காக நீ எதுக்குய்யா பரிஞ்சு பேசற?" என்று கேட்டார். அந்த மனிதர் வந்ததே எல்லாவற்றையும் உறுதிப்படுத்திவிட்டது. அதற்குப் பிறகு அவர் அந்தக் கேட்டில் நின்றால் காரை விட்டு இறங்குவதில்லை.

ஒரு வாரத்தில் பலகை காணாமல் போனது. அது சாய்ந்திருந்த இடத்தில் சுவரில் ஒரு சதுரம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. அத்தை எதுவும் கேட்கவில்லை. பெரியப்பா பார்த்துச் சொன்ன மாப்பிள்ளை, திருத்துறைப்பூண்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அத்தையைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். முதல் மனைவி இறந்துபோய், சொந்தமாகக் கொஞ்சம் நிலமும் இருந்தது. நிலம் என்ற சொல்லில் அப்பா மயங்கிவிட்டார். நம் வீட்டுப் பெண் சொந்த வயலுக்குப் போகிறாள் என்று யாரைப் பார்த்தாலும் சொன்னார். அதில் பொய் இல்லை. அவருக்கு அது பெரிய விஷயம்தான்.

தை பிறந்து கல்யாணத்துக்குச் சாமான் வாங்கக் கும்பகோணம் போய் வந்தார் அப்பா. பித்தளைக் குடம் ஒன்று, பளபளவென்று. அதை அத்தை முன்னால் வைத்து, கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னார்.

"ஒஞ் சாமான நான் தூக்கி எறியலம்மா. பாத்திரக் கடையில போட்டு, எடைக்கு எடை குடமா மாத்திட்டேன். ஒனக்கே ஆகட்டும்னுதான்."

நல்லது செய்துவிட்டோம் என்று அவர் உண்மையாகவே நம்பினார். பழைய பித்தளையை உருக்குவார்கள் என்பது எனக்கே தெரியும், அத்தைக்குத் தெரியாதா? அவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துப் பார்த்தாள். விரலை மடக்கி ஒரு தட்டு தட்டினாள்.

"நல்லாருக்குண்ணே," என்றாள்.

கல்யாணம் கோயிலில் நடந்தது. மறுநாள் காலை பாசஞ்சர் வண்டியில் மாப்பிள்ளை வீட்டோடு கிளம்பினாள். அந்த வண்டி எங்கள் கேட்டைத் தாண்டித்தான் போகும். அப்பா அன்றைக்கு லீவு போட்டிருக்கலாம், போடவில்லை. கேட்டை மூடிவிட்டுப் பச்சைக் கொடியோடு விறைப்பாக நின்றார். வண்டி மெதுவாகத்தான் வந்தது. அத்தை ஜன்னலோரத்தில் இருந்தாள், தலையில் பூ. நான் கையை ஆட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு ரோட்டைப் பார்த்தாள். கேட்டுக்கு வெளியே வழக்கம்போல வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. இரண்டு கார் இருந்தது. சட்டென்று முகத்தை உள்ளே திருப்பிக்கொண்டாள். அப்பா கொடியை இறக்கவே இல்லை. கடைசிப் பெட்டி போய், புகை போய், பஸ்காரர் ஹாரன் அடித்த பிறகும் நின்றுகொண்டிருந்தார். அம்மாதான் போய்க் கேட்டைத் திறந்தாள்.

இதற்குப் பிறகு சண்டை எதுவும் இல்லை என்பதைத்தான் நீங்கள் நம்ப வேண்டும். அத்தை பொங்கலுக்கு வந்தாள், நல்லது கெட்டதுக்கு வந்தாள். மூன்று பிள்ளைகள் பெற்றாள். மாமா கொடுமைக்காரர் இல்லை. பேசாத மனிதர், அவ்வளவுதான். அவள் வந்தால் அப்பா கடைக்குக் கூட்டிப்போவார். "எந்தப் பொடவ வேணும்?" என்று கேட்டால், "எதுனாலும் சரிண்ணே." என்ன சமைக்க என்று அம்மா கேட்டால், "இருக்கிறது போதும் அண்ணி." நான் நர்ஸ் வேலைக்குப் போய் முதல் சம்பளத்தில் அவளுக்கு என்ன வேண்டும் என்று எழுதிக் கேட்டேன். நீ வந்தாலே போதும் என்று பதில் வந்தது. அடக்கமான பெண் என்று ஊரில் பேர். அப்பாவுக்கு அதில் பெருமை. நாங்கள் எல்லோரும் அதை அடக்கம் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம்.

அம்மா போன பிறகு அப்பா என்னோடு தஞ்சாவூரில் இருந்தார். எழுபத்தைந்து வயது தாண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய கார்கள் எல்லாம் ஊர்வலமாக வருகின்றன, பள்ளிக்கூட மைதானத்தில் நிறுத்தப்போகிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். சும்மா இருக்கிறாரே என்று அப்பாவைக் கூட்டிப்போனேன். கேட்டில் நின்ற அதே கார்கள். புதுப் பெண் மாதிரி மினுக்கி நிறுத்தியிருந்தார்கள். அப்பா ஒவ்வொன்றின் பேரையும் சொல்லிக்கொண்டே நடந்தார்.

ஒரு காரின் முன்னால் நின்றுவிட்டார். அதன் மூக்கில் ஒரு நீளக் கம்பி, கம்பி முழுக்க வில்லைகள். மயில் இருந்தது, யானை இருந்தது. கார்க்காரர் சென்னையிலிருந்து வந்த பெரிய மனிதர். நரைத்த தலை, வெள்ளைத் தொப்பி. சுற்றி நின்றவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இதெல்லாம் யாருங்க குடுத்தாங்க?" என்று அப்பா கேட்டார்.

அவர் அறியாமலேயே அதே சொற்கள்.

"பல பேருங்க. தேடித் தேடிச் சேர்த்தது," என்றார் அவர், உற்சாகமாக. "பட்டறையில, பழைய சாமான் கடையில. எங்க வீட்ல என் சம்சாரத்துக்குத்தான் இதுல என்னைவிடப் பைத்தியம். அந்த மயில் அவங்க கண்டுபிடிச்சதுதான்."

"எதுக்குங்க சேக்கிறீங்க?"

அந்த மனிதருக்குக் கேள்வி விளங்கவில்லை. சிரித்தார். "சும்மாதாங்க. அழகா இருக்கே. வேற என்ன?"

அப்பா ரொம்ப நேரம் நின்றார். வெயிலில் வேர்த்து வழிந்தது. வாங்கப்பா போகலாம் என்றால் வரவில்லை. கடைசியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "தங்கச்சி வீட்டுக்குப் போவணும். இன்னிக்கே," என்றார்.

பஸ் பிடித்து, மாறி, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாலை வெயில் சாய்ந்திருந்தது. அத்தை வாசலில் நெல்லைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் பயந்துவிட்டாள், யாருக்கு என்னவோ என்று. உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அப்பா அந்த டம்ளரைக் கையில் பிடித்தபடியே சொன்னார்.

"நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேம்மா. அந்த வில்லைங்கள."

அத்தை முறத்தைக் கீழே வைத்தாள். எதைப் பற்றிப் பேசுகிறார் என்று அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"இப்ப எதுக்குண்ணே அது?"

"நெசமாவே அழகா இருக்குன்னுதான் சேத்தியா?"

"ஆமாண்ணே."

"எம்மேல கோவமா?"

"ஒம்மேல என்னா கோவம்." காலடியில் சிதறிய நெல்லைக் கையால் கூட்டினாள். "நாந்தான் முட்டாளு. நீ கேட்டதும் ஆசையா ஒன்னொன்னாச் சொன்னேன் பாரு. எல்லாமே கீழ கெடந்துச்சுன்னு சொல்லியிருந்தா விட்டிருப்ப." பிறகு, குரலில் எந்த வருத்தமும் இல்லாமல், கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். "அதுக்கப்பறம் எனக்கு இது புடிக்கும்னு யாருகிட்டயும் சொன்னதில்லண்ணே. இவருகிட்ட இல்ல, புள்ளைங்ககிட்ட இல்ல. சொல்லாம இருந்துட்டா ஒரு தொந்தரவும் இல்ல. பழகிடுச்சு."

அப்பா அழுதார். அவள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, சாப்பிட எழுந்திருக்கச் சொன்னாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா என்னிடம் கேட்டார். "பூவுல அவளுக்கு மல்லி புடிக்குமா, கனகாம்பரமா?" எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவர் இருந்த கொஞ்ச வருஷமும் என்னைப் பார்த்து இந்த மாதிரி ஏதாவது கேட்டுக்கொண்டே இருந்தார். கத்திரிக்காயா, வெண்டைக்காயா. பச்சையா, நீலமா. போன் போட்டு அவளையே கேளுங்கள் என்று கொடுத்தால், அவள், "எல்லாமே புடிக்கும்ணே," என்பாள்.

அப்பா போனார். பிறகு மாமா போனார். போன வருஷம் அத்தையும் போய்விட்டாள். காய்ச்சல் என்று படுத்தாள், ஆஸ்பத்திரிக்கு வேண்டாம் என்றாள். என்ன செய்கிறது என்று கேட்டதற்கு ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கிறாள்.

எட்டாம் துக்கத்துக்குப் படையல் போட வேண்டும். போனவர்களுக்குப் பிடித்ததை இலையில் வைக்க வேண்டும் அல்லவா? அத்தை மகள் அடுப்படியில் நின்று, "அம்மாவுக்கு என்ன புடிக்கும்?" என்று தம்பிகளைக் கேட்டாள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மருமகள்களைக் கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் கேட்டாள். எல்லோரும் யோசித்தார்கள். அப்புறம் என்னிடம் வந்தாள்.

"அண்ணி, சின்ன வயசுல கூட இருந்தது நீங்கதானே. அம்மாவுக்கு என்னதான் புடிக்கும்?"

நான் சொல்ல வாயெடுப்பதற்குள் பெரிய மகன் சொன்னான். "அப்பாவுக்கு விரால் கொழம்பு வச்சா அம்மா அதத்தானே சாப்பிடுவாங்க. அதையே வச்சிடலாம்." அவளுக்கும் அது சரியாகப் பட்டது. ஆள் அனுப்பி மீன் வாங்கி வந்தார்கள். புளி கரைத்து, மாங்காய் போட்டு, பிள்ளைகள் பார்த்துப் பார்த்து வைத்தார்கள்.

இலையில் சோறும் விரால் குழம்பும் வைத்து எல்லோரும் விழுந்து கும்பிட்டோம். எங்கள் கேட் வீட்டில் இருந்தவரைக்கும் அத்தை மீன் தொட்டதில்லை.